சிறுவர் நாவலும் வரலாற்றுச் சான்றும்: ஒஸ் நாட்டு மந்திரவாதி பற்றிய ஒரு நோக்கு

இலக்கியப் படைப்பொன்றினை அது தோன்றிய காலத்தின் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினா வரலாற்று மாணவருக்குப் புதியதன்று. காவியங்களையும் சமூக நாவல்களையும் முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்துள்ளது. சிறுவருக்கென எழுதப்பட்ட மாயக் கதைகள் இவ்வகை ஆய்வுக்கு உரியனவாகக் கருதப்பட்டமை குறைவு. இதற்கு விதிவிலக்காக அமைவது, 1900 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் வெளிவந்த ‘ஒஸ் நாட்டின் வியத்தகு மந்திரவாதி’ என்னும் அமெரிக்க நாவலாகும். லைமன் பிராங்க் போம் எழுதி, டென்ஸ்லோ சித்திரம் வரைந்த இந்நூல் வரலாற்றாசிரியரையும் பொருளியலாளரையும் நெடுங்காலம் விவாதத்தில் ஈடுபடுத்தியது. அவ்விவாதம் கற்பிக்கும் பாடம் நூலின் எல்லையைக் கடந்தது.

கதை எளிமையானது. கன்சாஸ் மாநிலத்துப் புல்வெளியில் மாமனுடனும் மாமியுடனும் வாழும் டொறதி என்னும் அநாதைச் சிறுமியைச் சூறாவளியொன்று வீட்டோடு தூக்கிச் சென்று ஒஸ் நாட்டில் இறக்கிவிடுகிறது. வீடு விழுந்ததால் மாண்ட சூனியக்காரியின் வெள்ளிப் பாதணிகள் அவளுக்குக் கிடைக்கின்றன. ஊர் திரும்பும் வழியை அறிய, மஞ்சட் செங்கல் பாவிய பாதை வழியே அவள் மரகத நகர் நோக்கிச் செல்கிறாள். மூளை வேண்டும் வெருளியும், இதயம் வேண்டும் தகர விறகுவெட்டியும், துணிவு வேண்டும் கோழைச் சிங்கமும் வழியில் அவளுடன் இணைகின்றனர். பேராற்றல் படைத்தவனாக அஞ்சப்பட்ட மந்திரவாதி, ஒமாகா நகரிலிருந்து பலூனில் வந்து சேர்ந்த ஒரு வித்தைக்காரனே என்பது ஈற்றில் வெளிப்படுகிறது. நண்பர் மூவரும் தேடியவை பயணத்தின்போதே அவர்களிடம் இருந்தன. டொறதியை ஊர் சேர்க்கும் ஆற்றலும் அவளது பாதணிகளிலேயே இருந்தது.

1964 ஆம் ஆண்டு ஹென்றி லிற்றில்பீல்ட் என்னும் பாடசாலை ஆசிரியர் ‘அமெரிக்கன் குவாட்டர்லி’ என்னும் ஆய்விதழில் இக்கதைக்குப் புதியதொரு விளக்கம் அளித்தார். வெருளி மேற்குப் பகுதி விவசாயியைக் குறிக்கும். தகர விறகுவெட்டி ஆலைத் தொழிலாளியைக் குறிப்பான். கர்ச்சிக்கத் தெரிந்தும் அஞ்சி நிற்கும் சிங்கம் அரசியல்வாதி வில்லியம் ஜெனிங்ஸ் பிறையனைக் குறிக்கும். மஞ்சட் பாதை தங்கம், பாதணி வெள்ளி என்பது அவ்விளக்கத்தின் சாரம். இதன்படி நாவல் மக்கள் கட்சி இயக்கத்தின் உருவகக் கதையாகிறது.

இவ்விளக்கம் விரைவில் ஏற்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. 1873 ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் வெள்ளியின் இடத்தைக் குறைத்தது. அதனைத் தொடர்ந்த காலத்தில் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. ஆனால் விவசாயி பட்ட கடனின் தொகை குறையவில்லை. வெள்ளி நாணயம் தடையின்றி அச்சிடப்படின் பணப் புழக்கம் பெருகிக் கடன்சுமை தளரும் என அவர்கள் நம்பினர். மக்கள் கட்சி 1892 இல் ஒமாகாவிற் கூடித் தன் கொள்கையை வெளியிட்டது. 1896 இற் பிறையன் அதே வெள்ளிக் கோரிக்கையுடன் சனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டு மெக்கின்லியிடம் தோற்றார். நூல் வெளிவந்த 1900 ஆம் ஆண்டிலேயே தங்க நியமச் சட்டமும் நிறைவேறியது. இத்தகைய வரட்சியான செய்திகளை மாணவர் மனத்திற் பதிக்க வெள்ளிப் பாதணியும் மஞ்சட் பாதையும் பெரிதும் உதவின. 1990 இல் ஹியூ றொக்கொவ் என்னும் பொருளியலாளர் இவ்வாசிப்பை மேலும் விரித்தெழுதினார். பாத்திரங்கள் மட்டுமன்றி, ஒஸ் என்னும் பெயரே பொன்னும் வெள்ளியும் நிறுக்கப்படும் அவுன்சின் குறியீடு என்று கூறுமளவுக்கு விளக்கம் வளர்ந்தது.

ஆயினும் ஒப்புமை வேறு, சான்று வேறு. போம் வெள்ளிக் கிளர்ச்சியின் ஆதரவாளராக இருந்தமைக்கு ஆதாரம் இல்லை. மாறான ஆதாரமே உண்டு. அவர் நடத்திய செய்தித்தாள் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்றது. 1896 ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில் மெக்கின்லியின் கொள்கையை வரவேற்கும் செய்யுளொன்றை அவர் சிக்காகோ நாளிதழொன்றில் வெளியிட்டார். 1992 இல் மைக்கல் பற்றிக் ஹேர்ண் என்னும் ஆய்வாளர் இவற்றை எடுத்துக்காட்டியபோது, போம் மக்கள் கட்சிச் சிந்தனையின் ஆதரவாளர் எனக் கொள்வதற்கு அடிப்படை இல்லை என்பதை லிற்றில்பீல்டே ஒப்புக்கொண்டார். தம் விளக்கத்தை அவர் மாணவருக்குக் காலச் சூழலைப் புகட்டும் உபாயமாகவே முதலிற் கையாண்டார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கற்பித்தற் கருவியொன்று வரலாற்று உண்மையாக உருமாறிய கதை இது.

அவ்வாறாயின் இந்நாவல் எதற்கும் சான்றாகாதா? மறைபொருளைத் தேடுவதை விடுத்து வெளிப்படையாக உள்ளதை நோக்குமிடத்து நிலைமை வேறாகிறது. நூலின் தொடக்கத்திற் சித்திரிக்கப்படும் கன்சாஸ் எங்கும் சாம்பல் நிறமானது. உழுத நிலத்தை வெயில் சுட்டுச் சாம்பலாக்கியுள்ளது. வீட்டின் வர்ணமும் மாமியின் கன்னச் சிவப்பும் அவ்வாறே மறைந்துவிட்டன. போம் பெரிதும் அறிந்திருந்தது கன்சாசை அன்று, டக்கோட்டாவையே. அவர் 1888 இல் டக்கோட்டாப் பிரதேசத்து அபர்டீன் நகரிற் குடியேறிக் கடையொன்றைத் திறந்தார். வரட்சியால் விளைச்சல் பொய்த்தது. கடனுக்குக் கொடுத்த பொருளுக்குப் பணம் வரவில்லை. 1890 தொடக்கத்திற் கடை மூடப்பட்டது. அதன்பின் நடத்திய வார இதழும் 1891 இற் கைவிட்டுப் போயிற்று. அந்த முதல் அத்தியாயத்தின் சாம்பல் நிறத்துக்குப் பின்னால் இவ்வனுபவம் உள்ளது.

சிக்காகோவுக்குப் பெயர்ந்த போம் பீங்கான் பொருள்களை ஊர் ஊராகச் சென்று விற்றார். 1897 இற் கடைகளின் கண்ணாடிச் சாளரங்களை அலங்கரிக்கும் கலைக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். மரகத நகருட் புகுவோர் அனைவருக்கும் பச்சைக் கண்ணாடி பூட்டப்படுகிறது. அதனாலேயே நகரம் இத்துணைப் பசுமையாகத் தோன்றுகிறது. காட்சியால் ஆசையை எழுப்பும் பெருநகர வாணிபத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் கற்பனை இது எனல் பொருந்தும்.

தேடலுக்குத் தலைமை தாங்குவது சிறுமி என்பதும் பின்னணியின்றி நிகழ்ந்ததன்று. போமின் மனைவியின் தாயாரான மற்றில்டா ஜொஸ்லின் கேஜ் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் முதன்மையாளருள் ஒருவர். தென் டக்கோட்டாவில் 1890 இற் பெண்கள் வாக்குரிமை மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது போம் தம் இதழில் அதனை ஆதரித்து எழுதினார். வாக்கெடுப்பு தோல்வியுற்றது.

அதே இதழின் பக்கங்களிலேதான் மற்றொரு சான்றும் உள்ளது. 1890 டிசம்பர் 15 ஆம் திகதி லகோட்டாத் தலைவர் சிற்றிங் புல் கொல்லப்பட்டார். ஐந்து நாள்களின் பின் வெளிவந்த ஆசிரியத் தலையங்கம், எஞ்சியுள்ள பூர்வீகக் குடிகள் முற்றாக அழிக்கப்படுவதே குடியேறியோரின் பாதுகாப்புக்கு வழி எனக் கூறியது. டிசம்பர் 29 ஆம் திகதி வூண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினர் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றைம்பதுக்குக் குறையாத லகோட்டா மக்களைக் கொன்றனர். 1891 சனவரி 3 ஆம் திகதித் தலையங்கம் அக்கொலையின் பின்னரும் அதே கோரிக்கையை மீண்டும் வலியுறுத்தியது. 2006 இற் போமின் வழித்தோன்றல்கள் சிலர் லகோட்டா மக்களிடம் இதற்காக மன்னிப்புக் கோரினர்.

அக்காலத்து வெள்ளையர் யாவரும் இவ்வாறே எண்ணினர் என்று அமைதி கூறுவோர் உண்டு. அவ்வமைதி இங்கு செல்லாது. இரோகுவாய் மக்களிடையே பெண்கள் பெற்றிருந்த உயர்நிலையைப் போற்றி 1870களிலேயே எழுதியவர் கேஜ். 1893 இல் மொகாக் இனத்தார் அவரைத் தம் ஓநாய்க் குலத்தவராக ஏற்றுக்கொண்டனர். அவர் 1898 இற் காலமானது போமின் சிக்காகோ இல்லத்திலேயே. மாறான கருத்தொன்று அக்குடும்பத்துக்குள்ளேயே நிலவியது.

இவ்விடத்திற் புதிய மயக்கமொன்று எழக்கூடும். சூனியக்காரிக்கு அடிமைப்பட்ட இறகுடைய குரங்குகள் முன்னொருகாற் காட்டிற் சுதந்திரமாக வாழ்ந்தவை என நாவல் கூறுகிறது. அவற்றைப் பூர்வீகக் குடிகளின் குறியீடாக வாசிப்பது எளிது. ஆனால் அது லிற்றில்பீல்ட் நடந்த பாதையிலேயே மீண்டும் நடப்பதாகும். அதனினும் உறுதியான சான்று நூலின் மௌனமாகும். கன்சாஸ் என்னும் பெயரே கான்சா என்னும் பூர்வீகக் குடியின் பெயர். நாவலின் கன்சாசிலோ அடிவானம் வரை மரமும் இல்லை, வேறு வீடும் இல்லை, முன்பு அங்கு வாழ்ந்தோரின் சுவடும் இல்லை. மௌனம் தனித்து நின்றால் வலுவற்ற சான்றே. ஆயின் அப்புல்வெளியில் யார் வாழ்ந்தனர் என்பதைப் பத்தாண்டுகளுக்கு முன் அச்சில் எழுதியவரின் மௌனம் அறியாமையன்று.

இதனால் நூலைச் சிறுவர் கையிலிருந்து பறிக்க வேண்டும் என்பது முடிபாகாது. வைக்கோலாலும் தகரத்தாலும் ஆனவர்களைப் பிறப்பு வினவாது தோழராக ஏற்று நடக்கும் சிறுமியின் கதை, அதை வாசித்த தலைமுறைகளுக்கு நட்பின் பெருமையையே உணர்த்தியது. அக்கதையையும் அத்தலையங்கங்களையும் எழுதியது ஒரே கை என்பதே வரலாறு. வெள்ளிப் பாதணி உருவகம் விரும்பப்பட்டதன் ஒரு காரணம், அது ஆசிரியரை ஏழை விவசாயியின் தோழராக்கி வாசகருக்கு ஆறுதல் அளித்தமையாகும். அபர்டீன் இதழின் பக்கங்கள் அவ்வாறுதலை அளிப்பதில்லை. ஆறுதல் அளிக்கும் விளக்கத்திலும் ஆவணத்தையே முதலில் நாடுவது வரலாற்று மாணவனின் கடன். அவன் வாசிப்பது சிறுவர் நூலாயினும் அக்கடன் குறைவதில்லை.