கடிகாரப் போர் – 7: மேலிடத்துக்குச் சொல்லாமல்

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் ‘ஆஸ்ட்ரான்’ கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். விலை நாலரை லட்சம் யென். அந்தப் பணத்துக்கு அன்றைக்கு ஒரு டொயோட்டா கொரோலா காரே வாங்கியிருக்கலாம். உள்ளே இருந்த குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. மாதத்துக்கு ஐந்து நொடிதான் முன்னே பின்னே போகும். சாவி கொடுக்கும் நல்ல கடிகாரமே ஒரே நாளில் அந்த அளவுக்குப் பிசகிய காலம் அது.

ஸ்விட்சர்லாந்து தூங்கியது, ஜப்பான் முந்தியது என்று மேலாண்மை வகுப்புகளில் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நூஷாத்தெல் நகரில் 1962-லேயே ஸ்விஸ் நிறுவனங்கள் கூட்டாகப் பணம் போட்டு ஓர் எலெக்ட்ரானிக் ஆய்வுக்கூடம் திறந்திருந்தன. 1967-ல் அதே ஊர் வானாய்வுக்கூடம் நடத்திய துல்லியப் போட்டியில் முதல் பத்து இடங்களையும் அந்தக் கூடத்தின் குவார்ட்ஸ் கடிகாரங்களே பிடித்தன. சீக்கோ அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. இரண்டே வருடத்தில் நிலைமை எப்படித் தலைகீழானது?

ஸ்விஸ் கடிகாரத் தொழில் அமைந்திருந்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு கடையில் பல்சக்கரம், இன்னொன்றில் சுருள்வில், அடுத்த தெருவில் முகப்புத் தகடு. எல்லாவற்றையும் வாங்கிக் கோத்து, தன் பெயரைப் பொறித்து விற்பவர் வேறொருவர். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன நிறுவனங்கள். யார் எதைச் செய்யலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கு 1930-களில் இருந்து சட்டமும் சங்கங்களும் கட்டுப்பாடு விதித்திருந்தன. பிழைப்பு நன்றாக நடந்தவரை இந்த ஏற்பாட்டில் ஒருவருக்கும் குறையில்லை. குவார்ட்ஸ் வந்ததும் சிக்கல் வெளியே வந்தது. புதிய கடிகாரத்துக்குச் சுருள்வில்லே வேண்டாம். அப்படியானால் வில் செய்கிறவரிடம் போய், ‘மாறு’ என்று யார் சொல்வது? ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது கூட்டுச் சொத்து. சுமார் இருபது நிறுவனங்களுக்கு அதில் பங்கு. 1970 ஏப்ரலில் பாசெல் கண்காட்சியில் ‘பீட்டா 21’ என்ற ஒரே இயந்திரத்தை ஆளுக்கொரு பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். தடிமனான, விலை கூடிய கடிகாரம். சில ஆயிரங்களோடு அதன் கதை முடிந்தது. தனது குழந்தை என்று அதைத் தூக்கி வளர்க்க எந்த முதலாளியும் முன்வரவில்லை.

ஜப்பானிலோ சீக்கோ ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. படிகம், மின்சுற்று, மோட்டார் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. விலை வருடா வருடம் இறங்கியது.

போதாததற்கு நாணயமும் காலை வாரியது. 1970-களின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு நான்கு பிராங்குக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இரண்டுக்கும் கீழே. நூறு பிராங்க் கடிகாரத்தை அமெரிக்காவில் 25 டாலருக்கும் குறைவாக வாங்கியவர் இப்போது 50 டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும், அதே கடிகாரத்துக்கு! 1970-ல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த தொழிலில் 1980-களின் நடுவில் மிஞ்சியவர்கள் முப்பதாயிரத்துச் சொச்சம் பேர்.

இப்படியொரு நேரத்தில் நிர்வாகங்கள் என்ன செய்யும்? உத்தரவு போடும். இந்த வாரக் கதை, உத்தரவை மதிக்காத இரண்டு பேரைப் பற்றியது.

முதல் ஆள் சார்ல்ஸ் வெர்மோ. ஜூரா மலைத்தொடரில் லு லோக்ல் என்ற சிற்றூர். அங்கே ஜெனித் தொழிற்சாலையில் பட்டறைப் பொறுப்பாளர். 1969 ஜனவரியில் ஜெனித் அறிமுகம் செய்த ‘எல் பிரிமேரோ’ கடிகாரம் மணிக்கு 36,000 துடிப்பு துடித்து, ஒரு நொடியைப் பத்தாகப் பிரித்துக் காட்டியது. முழுக்க முழுக்கச் சக்கரமும் வில்லும்தான். எலெக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் இல்லை. சில வருடங்களில் ஜெனித்தை ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கியது. ரேடியோ, டெலிவிஷன் செய்துகொண்டிருந்த அந்த சிகாகோ கம்பெனியின் பெயரும் ஜெனித்தான். 1975-ல் மேலிடத்து உத்தரவு வந்தது: இனி எல்லாம் குவார்ட்ஸ். இயந்திரக் கடிகாரத்துக்கான கருவிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்.

ஒரு சின்னப் பட்டறையையாவது விட்டுவைக்கும்படி வெர்மோ எழுதிக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. வேலை நேரம் முடிந்து ஆலை காலியான பிறகு அச்சுகள், வெட்டுக் கருவிகள், சிறு உதிரிகள் என ஒவ்வொன்றாக மேலே பரண் அறைக்குத் தூக்கிச் சென்றார். எது எதற்கு என்று சீட்டு ஒட்டினார். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற செய்முறையையும் குறிப்பேடுகளில் எழுதினார். பிறகு அந்த இடத்தை மறைத்து அடைத்துவிட்டார். பார்த்தால் நிறுவனச் சொத்தை ஒளித்துவைத்த குற்றம். மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும்.

பரண் திறந்தது எப்போது, அதைத் தேடி வந்த பெரிய வாடிக்கையாளர் யார் என்பதற்கு இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

இரண்டாவது ஆள் எல்மர் மோக். கிரென்ஹென் ஊரில் ஈட்டா தொழிற்சாலையின் எஞ்சினியர், இருபதுகளில் இருந்த இளைஞர். கடிகாரமும் படித்திருந்தார், பிளாஸ்டிக்கும் படித்திருந்தார். ஸ்விஸ் கடிகாரக்காரர்கள் நடுவில் பிளாஸ்டிக் என்ற பேச்சை எடுப்பதே சங்கடமான விஷயம்.

ஈட்டாவுக்கு 1978-ல் எர்ன்ஸ்ட் டோம்கே தலைமைக்கு வந்திருந்தார். மருந்துக் கம்பெனியில் நெடுநாள் இருந்துவிட்டு வந்தவர், கறாரான ஆள். ஜப்பானியரின் மெல்லிய கடிகாரங்கள் அவரை உறுத்தின. அவர் கொடுத்த நெருக்கடியில் 1979 ஜனவரியில் ‘டெலிரியம்’ வந்தது. மொத்தத் தடிமன் 1.98 மில்லிமீட்டர்! கடிகாரத்தின் பின்மூடியையே அடித்தட்டாக்கி, உதிரிகளை நேராக அதன்மேல் பொருத்தியதுதான் சூட்சுமம். பெருமைக்கு உதவிய கடிகாரம், வயிற்றுப்பாட்டுக்கு உதவவில்லை. பணக்காரர்கள் மட்டும் வாங்கக்கூடிய விலை.

மோக்கின் மண்டையில் அந்தப் பின்மூடி யோசனை வேறு திசையில் ஓடியது. பின்மூடியைத் தங்கத்தில் செய்யாமல் பிளாஸ்டிக்கில் வார்த்தால்? சகா ஜாக் முல்லரோடு பேசிப் பேசி அதை வளர்த்தார். பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் ஒன்று வேண்டுமென்று கேட்டு எழுதியும் விட்டார். விலை சுமார் ஐந்து லட்சம் பிராங்க். ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தொழிற்சாலையில், தலைவரின் சம்மதம் வாங்காமல்!

காகிதம் டோம்கே மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. 1980 மார்ச் 27. மதியம் ஒரு மணிக்கு வந்து விளக்கம் சொல் என்று மோக்குக்கு ஆள் வந்தபோது கையில் இருந்தது இரண்டு மணி நேரம்தான். காட்ட வரைபடம் இல்லை, மாதிரி இல்லை, கணக்கும் இல்லை. மோக்கும் முல்லரும் ஒரு தாளை எடுத்து அவசர அவசரமாக வரைந்து வண்ணம் தீட்டினார்கள். ஒரே வார்ப்பில் பெட்டியும் அடித்தட்டும். உதிரிகளை மேலிருந்து இறக்கவேண்டும். கண்ணாடியை வைத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது, பிறகு திறக்கவே முடியாது. கெட்டுப்போனால் பழுது பார்க்க வழியில்லை. பேரன் காலம் வரை ஓடும் என்று சொல்லியே கடிகாரம் விற்ற நாட்டில் இப்படி ஒரு படம்.

டோம்கே படத்தைப் பார்த்தார். திட்டவில்லை. வேலையை ஆரம்பிக்கச் சொன்னார். ஆனால் வெளியே மூச்சுவிடக் கூடாது.

ரகசியமாகத்தான் ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெறும் ஐம்பத்தோர் உதிரிகளை அடக்க இவர்கள் போராடிக்கொண்டிருந்தபோது, சந்திரனுக்குப் போய்வந்த ஒமேகாவின் தாய் நிறுவனம் கடனில் மூழ்கியது. வங்கிகள் கணக்குப் புத்தகங்களைக் கையில் எடுத்தன. ஜூரிக்கில் இருந்த நிக்கோலஸ் ஹாயெக் என்ற ஆலோசகரை அழைத்தன. பெய்ரூட்டில் பிறந்தவர்; கடிகாரத் தொழிலுக்கு வெளியாள். வங்கிக்காரர்கள் போட்ட பணத்தை எப்படியாவது திரும்ப எடுக்கத் துடித்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஒமேகா என்ற பெயரை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார் என்று ஹாயெக் பிற்பாடு சொல்லியிருக்கிறார். கேட்டது யார் தெரியுமா? ஜப்பானியர்!

(டிக்... டிக்... அடுத்த வாரம் தொடரும்)