டெம்போ மாற்றம்

பாடலின் சுருதியைத் தொடாமல் அதன் வேகத்தை மட்டும் கூட்டுவதும் குறைப்பதும் டெம்போ மாற்றம் எனப்படும். கர்நாடக இசைக்காரர்கள் காலப்பிரமாணம் என்று சொல்வதைத்தான் ஸ்டூடியோக்காரர்கள் நிமிடத்துக்கு இத்தனை பீட் என்று எண்ணி, பிபிஎம் என்கிறார்கள். ஒலித்தொகுப்பு மென்பொருள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இன்று உண்டு.

டேப் ரெக்கார்டர் காலத்தில் இது அவ்வளவு லேசான காரியமாக இல்லை. பேட்டரி தீரும் நேரத்தில் பாடகர் இழுத்து இழுத்துப் பாடுவார். குரலும் கூடவே பாதாளத்துக்கு இறங்கும். நாடா மெதுவாக ஓடினால் ஒலியலை விரியும், அதிர்வெண் குறையும், அதோடு சுருதியும் விழும். 120 பிபிஎம் பாடலை இப்படி 90க்குக் கொண்டுவந்தால், 4 நிமிடப் பாடல் 5 நிமிடம் 20 விநாடிக்கு நீளும். அதிர்வெண்ணும் முக்கால் பங்காகி, 5 கட்டையில் பாடிய குரல் 2 கட்டையில் வந்து நிற்கும். கூடப் பாடிப் பழக நினைப்பவருக்கு அந்தப் பாடலால் பிரயோஜனமில்லை.

வேகத்தையும் சுருதியையும் பிணைத்த இந்த முடிச்சை வைத்தே பிழைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ராஸ் பாக்தசாரியன் 1958இல் டேப்பை அரை வேகத்தில் ஓடவிட்டு நிதானமாகப் பாடிப் பதிந்து, முழு வேகத்தில் ஒலிக்கவிட்டார். குரல் ஒரு ஸ்தாயி ஏறி அணில் குரலானது. சிப்மங்க்ஸ் என்ற கற்பனைப் பாட்டுக்குழு அப்படித்தான் பிறந்தது. பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலுக்கு 1966இல் இரண்டு வெவ்வேறு பதிவுகள் இருந்தன. சுருதியும் வேறு, வேகமும் வேறு. ஒன்றின் முற்பகுதியும் மற்றதன் பிற்பகுதியும் வேண்டும் என்றார் ஜான் லெனன். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் டேப் வேகத்தைச் சரிசெய்தபோது, சுருதியும் வேகமும் ஒருசேர ஒட்டிக்கொண்டன. பாடல் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் அந்த ஒட்டு வருகிறது. தெரிந்து கேட்பவர் காதுக்கு மட்டும் அது பிடிபடும்.

முடிச்சை அவிழ்க்கும் முயற்சி பேச்சொலியில் தொடங்கியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபேர்பேங்க்ஸும் உடனிருந்தவர்களும் 1954இல் விவரித்த கருவியில், டேப்பைப் படிக்கும் முனையே சுழன்றது. சுழலும் முனை ஒலியில் சிறுசிறு துண்டுகளை விட்டுவிட்டுப் படித்தால் பேச்சு சுருங்கும். ஒரே துண்டை இரண்டு முறை படித்தால் நீளும். இன்றைய மென்பொருள்களில் பல செய்வதும் சாராம்சத்தில் இதுவே. பாடலைச் சில பத்து மில்லிசெகண்டு நீளத் துண்டுகளாக நறுக்கி, நீட்டவேண்டுமானால் சிலவற்றை மறுபடி வைத்து, குறுக்கவேண்டுமானால் சிலவற்றைத் தள்ளி, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டு ஒட்டுகின்றன. அலையின் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தும் இடம் பார்த்து ஒட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இப்படிப் பொருத்தம் பார்க்கும் 'சோலா' முறை 1985இலும், அதை மெருகேற்றிய 'டபிள்யூசோலா' 1993இலும் வந்தன. இன்னொரு வழி, பெல் ஆய்வகத்தில் ஃபிளனகனும் கோல்டனும் 1966இல் வெளியிட்ட ஃபேஸ் வோகோடர். இது ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கட்டத்தையும் கணக்கிட்டு, புதிய நீளத்துக்கு மறுபடி சேர்க்கும்.

இரண்டுக்கும் குறை உண்டு. மிருதங்கத்தின் ஒரு 'தொம்' கண்ணிமைக்கும் நேரத்தில் அடித்து அடங்குவது. துண்டுபோடும் முறையில் அந்த அடி இருக்கும் துண்டே இரட்டித்துவிட்டால், 'தொ-தொம்' என்று திக்கும். ஃபேஸ் வோகோடரில் திக்காது, ஆனால் அடியின் கூர்மை மழுங்கி, ஈரத்துணியால் சுற்றிய தோலில் அடித்ததுபோல் கேட்கும். நீண்டு நிற்கும் வயலின் சுரத்துக்கு இந்த இரண்டாவது முறை நன்றாகவே உழைக்கும். பத்து விழுக்காட்டுக்குள் மாற்றினால் சாதாரணக் காது கண்டுகொள்வதில்லை. கால்பங்கு குறைத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது தாளவாத்தியம்தான். குரலையும் தாளத்தையும் தனித்தனி டிராக்காகக் கையில் வைத்திருப்பவர் பாக்கியசாலி. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற முறையைத் தனியே தேர்ந்துகொள்ளலாம்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000இல் வெளிவந்த இலவச மென்பொருளான ஆடாசிட்டியில், எஃபெக்ட் பட்டியலில் 'சேஞ்ச் டெம்போ' இருக்கிறது. வேண்டிய பகுதியைத் தேர்ந்து விழுக்காட்டையோ பிபிஎம்மையோ கொடுத்தால் போதும். 'சவுண்ட்டச்' என்ற நிரல் தொகுப்பு வேலையை முடித்துவிடும். உயர்தர நீட்சிக்கான கட்டத்தை டிக் செய்தால் வேறொரு முறையில், அதிக நேரம் எடுத்துக்கொண்டு செய்யும். 2023இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து கிளிப்பின் ஓரத்தை மவுஸால் இழுத்தும் நீட்டலாம்.

விழுக்காட்டில் வழுக்குபவர்கள் நிறைய. 120ஐ 90 ஆக்க −25 கொடுக்கவேண்டும். அந்த 90ஐப் பழையபடி 120 ஆக்க +25 போதாது, +33.3 வேண்டும். அப்படித் திரும்பி வருவதும் நல்லதல்ல. ஒவ்வொரு முறையும் ஒலி நறுக்கி ஒட்டப்படுவதால் பழுது சேர்ந்துகொண்டே போகும். அசல் கோப்பை எடுத்து முதலிலிருந்து செய்வதே சரி.

வாத்தியக்காரர்கள் காதில் தாளம் தட்டும் கிளிக் ஒலி இல்லாமல் சேர்ந்து வாசித்த பழைய திரைப்பாடல்களில் வேறொரு சங்கடம். அனுபல்லவியில் கொஞ்சம் ஓடி சரணத்தில் கொஞ்சம் தங்கும் அந்த வாசிப்புக்கு ஒரே பிபிஎம் கிடையாது. சராசரியை வைத்து மாற்றினால் ரீமிக்ஸ் தாளத்தோடு நாலு வரியில் விலகிவிடும். ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களில் உள்ள 'வார்ப்' வசதி இதற்கானது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு குறி வைத்து, இரு குறிகளுக்கு நடுவில் உள்ளதை மட்டும் தனித்தனியாக நீட்டவோ குறுக்கவோ செய்யும். பொறுமை வேண்டும். அசல் வாசிப்பின் உயிரான அந்த ஏற்ற இறக்கத்தை இஸ்திரி போட்டதுபோல் சமன் செய்வதா என்பது செய்பவரின் ரசனையைப் பொறுத்தது.

டெம்போவைக் குறைக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் பயிற்சிக்காரர்கள். ஒரு சங்கதியின் கமகம் எந்தச் சுரத்தைத் தொட்டு எங்கே திரும்புகிறது என்று பாதி வேகத்தில் கேட்கும்போது துலக்கமாகத் தெரியும். ஆண்டுவிழாவுக்கு ஆடவரும் சிறு பிள்ளைகளின் கால்களுக்காகப் பாட்டைப் பத்துப் பதினைந்து விழுக்காடு தணித்துத் தரச் சொல்வோரும் உண்டு. டிஜேக்கள் அடுத்தடுத்த பாடல்களின் பீட்டைச் சேர்த்துவைக்க இதை நாடுகிறார்கள். அவர்கள் முன்பு நம்பியிருந்தது 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளை. கூட்டவோ குறைக்கவோ 8 விழுக்காடு இடம் தந்த அதன் தள்ளுகோலுக்குப் பெயர் 'பிட்ச்', நகர்த்தினால் மாறியதோ வேகமும் சுருதியும் இரண்டும்.

1990களில் ஹூஸ்டன் நகரின் டிஜே ஸ்க்ரூ, ராப் பாடல்களைத் தாழ்ந்த வேகத்தில் ஓடவிட்டு, கனத்துத் தொங்கும் அந்தக் குரலையே ஒரு பாணியாக்கினார். இணையத்தில் தமிழ்ப் பாடல்களுக்கும் போட்டுக் கேட்கும் 'ஸ்லோட் அண்ட் ரிவெர்ப்' அதன் வழிவந்தது. அதைச் செய்ய விரும்புபவர் 'சேஞ்ச் டெம்போ'வைத் தொடவே கூடாது. வேகத்தையும் சுருதியையும் சேர்த்து இறக்கும் 'சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்'தான் அவருக்கு வேண்டியது. வேகத்தில் 15 விழுக்காடு குறைத்தால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கும். அதன்மேல் ரிவெர்பைச் சேர்த்தால் வேலை முடிந்தது.