அங்கணத் தண்ணீர்த் தோட்டம்

ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பள்ளிக்கூடச் சுற்றுலாவிலோ, கல்யாணமான புதிதிலோ, பேரன் பேத்திகளோடோ ஒரு தடவையாவது போயிருப்போம். அந்தப் பூங்கா முதலில் காய்கறித் தோட்டமாகத்தான் தொடங்கியது. 1847-ல் ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்கள் வீடுகளுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் ஏற்படுத்திக்கொண்டார்கள். மறு வருஷம் மக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் வந்து அதைப் பூங்காவாக அமைக்க ஆரம்பித்தார். அதற்கும் முன்பே கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைமேல் உருளைக்கிழங்கு முதலான சீமைக் காய்களைப் பயிரிட்டுப் பார்த்திருந்தார். சந்தாத் தொகை உட்பட எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

அதே 1847-ல் நம் வாசுதேவநல்லூரில் வீடுகளுக்குப் பின்னால் என்ன காய்த்துக்கொண்டிருந்தது? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நம்மூரைப் பற்றிக் கும்பினிக்காரர்கள் எழுதியதெல்லாம் கோட்டையைப் பற்றித்தான். பூலித்தேவன், முற்றுகை, பீரங்கி, 1767-ல் கோட்டை விழுந்தது, இவ்வளவுதான். கோட்டைக்குள்ளும் அடுப்பு எரிந்திருக்கும், குழம்பில் ஏதோ ஒரு காய் கிடந்திருக்கும். அது ராணுவக் கணக்கில் வராது.

எழுத்தில் இல்லையே தவிர, தடயம் நிறைய இருக்கிறது. முதல் தடயம் பெயர்கள். மிளகாய் என்றால் மிளகு போல உறைக்கும் காய். போர்த்துக்கீசியர் கடல் வழியாக வந்த பிறகு நம் நாட்டுக்கு வந்த செடி அது. தூத்துக்குடிக் கரையில் 1530-களிலேயே அவர்கள் கால் ஊன்றிவிட்டார்கள். புதுக் காய்க்குப் பழைய மிளகின் பெயரையே ஒட்டவைத்துக்கொண்டோம். தக்காளி என்ற பெயர் அதைவிட வேடிக்கை. இன்று நாம் ரசத்தில் கரைக்கும் பழம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் தக்காளி என்ற சொல் இங்கே முன்பே இருந்தது. வேலியோரம் தானாக முளைக்கும் மணத்தக்காளியில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. வெளியூர்ப் பழத்தை நம் பெரியவர்கள் சீமைத் தக்காளி என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்துபோய், வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்டான்.

இரண்டாவது தடயம் திவசச் சமையல். சில வீடுகளில் திதி அன்றைக்குத் தக்காளி, முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எதுவும் உள்ளே வராது. மிளகாய்க்குப் பதிலாக மிளகு. அவரை, கொத்தவரை, புடலை, பாகல், வாழைக்காய் இவைதான் இலையில் விழும். சாஸ்திரம் ஒருபுறம் இருக்கட்டும். வெளிநாட்டுக் காய்கள் வருவதற்கு முன் நம் அடுப்பங்கரை எப்படி இருந்தது என்பதற்கு இது ஒரு பழைய பட்டியல் என்று எனக்குத் தோன்றும். முழுக்க நம்ப முடியாது. நம் நாட்டு மரமான முருங்கையை ஒதுக்கிவிட்டு, கடல் கடந்து வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேர்த்துக்கொள்ளும் பட்டியல் அது. இருந்தாலும் எழுத்தில்லாத சரித்திரத்துக்கு இவ்வளவு கிடைப்பதே பெரிது.

மூன்றாவது தடயம் நம் நினைவுதான். நாம் சங்கரன்கோவில் தாலுகாவில், திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். (தென்காசி மாவட்டமானது 2019 நவம்பரில்தானே.) எங்கள் வீட்டில் புறவாசலைத் தோட்டம் என்று யாரும் சொன்னதில்லை. அங்கணத்தில் பாத்திரம் விளக்கிய தண்ணீர் ஒரு சிறு வாய்க்காலாக வெளியே ஓடும். அந்தத் தண்ணீர் போகும் வழியெல்லாம் செடி. முதலில் வாழை, பக்கத்தில் சேம்பு, அதைத் தாண்டிக் கத்தரியும் மிளகாயும், வேலியில் அவரை, துவரை மாரால் போட்ட பந்தலில் புடலையும் பீர்க்கும், மாட்டுத் தொழுவின் கூரைமேல் சுரையோ தடியங்காயோ. முருங்கை எப்போதும் ஒரு மூலையில். சீனியவரைக்காய் எந்தச் சந்து கிடைத்தாலும் வரும். பாத்தி, அளவு, உரக்கணக்கு எதுவும் கிடையாது. சாம்பல், சாணி, குப்பைக்குழி மண்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அன்றைக்குப் பாத்திரம் விளக்கியது சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு. குளித்தது சீயக்காய், பயத்தமாவு. வழிந்த தண்ணீர் செடிக்குத் தீனியாகவே போனது. சலவைத்தூளும் பாத்திரச் சோப்பும் வந்த பிறகு அதே தண்ணீரை நம்பிச் செடி வைக்க முடியவில்லை. புறவாசல் தோட்டம் ஏன் போயிற்று என்று கேட்டால், பெண்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. தண்ணீர் மாறியது. பாகப்பிரிவினையில் புறவாசல் இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்தது. மிச்சமிருந்த இடத்தில் கக்கூஸும் அதன் தொட்டியும் வந்தன. அது வரவேண்டியதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். மாடு போயிற்று, சாணியும் போயிற்று. பிறகு தரைக்குச் சிமெண்டு பூசினோம்.

சர்க்கார் வீட்டுத் தோட்டத்தை நினைத்துக்கொள்வது எப்போதும் பஞ்ச காலத்தில்தான். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் சென்னை ராஜதானிக்கு வந்துகொண்டிருந்த ரங்கூன் அரிசி நின்றது. அதிக உணவு விளைவியுங்கள் என்று அப்போதுதான் பிரசாரம் கிளம்பியது. இங்கிலாந்தில் 1939-லேயே வெற்றிக்காக மண்ணைக் கொத்துங்கள் என்று ஆரம்பித்திருந்தார்கள். லண்டன் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி போட்டார்கள். அமெரிக்காவில் 1943-ல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் தோட்டம் போட வைத்தார். அங்கெல்லாம் அது தேசபக்தி. படம் பிடித்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். நம் ஊரில் அரிசி குறைந்த வீட்டில் கையளவு அரிசியோடு முருங்கைக்கீரை, அவரை, கத்தரி, வாழைக்காய் என்று புறவாசலில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் கூட்டாஞ்சோறாகக் கிண்டி, ஐந்து பேர் சோற்றை எட்டுப் பேர் சாப்பிட்டார்கள். இப்போது அதைப் பாரம்பரிய உணவு என்று கொண்டாடுகிறோம். பர்மா அரிசி நின்ற கதையைச் சொல்லும்போது அம்மா கூட்டாஞ்சோற்றைப் பெருமையாகச் சொன்னதில்லை.

1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. மறுபடி 1965. பாகிஸ்தானோடு சண்டை, மழையும் பொய்த்தது, அமெரிக்கக் கோதுமைக்குக் கையேந்திய நேரம். லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடச் சொன்னார். வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னதோடு, தம் வீட்டுப் புல்வெளியையே உழுதுகாட்டினார். உங்களில் பலர் அந்தத் திங்கட்கிழமைகளைப் பட்டினியோடு நினைவு வைத்திருப்பீர்கள். அதே காலத்தில் யூனிசெப் உதவியோடு ஊராட்சி ஒன்றியங்கள் மூலம் சத்துணவுப் பயிற்சித் திட்டம் ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத் தோட்டம், வீட்டுத் தோட்டம், கோழி வளர்ப்பு, மாதர் சங்கம் எல்லாம் அதில் அடக்கம்.

2013-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்குப் பையும் தென்னை நார்க்கழிவும் மானியத்தில் தந்தார்கள். 2021-ல் சட்டமன்றத்தில் முதன்முதலாக வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட்டபோது, காய்கறித் தோட்டத் திட்டமும் வந்தது. கிராமத்து வீடுகளுக்கு 12 வகை விதை கொண்ட பொட்டலம் 15 ரூபாய். கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி, அவரை, பீர்க்கு, புடலை, பாகல், சுரை, கொத்தவரை, சாம்பல் பூசணி, கீரை. நல்ல திட்டம். பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தக்காளியையும் வெண்டையையும் விட்டால் மற்றதெல்லாம் எங்கள் புறவாசலில் அம்மா விலையில்லாமல் வைத்திருந்தவை.

இத்தனை திட்டங்களிலும் பொதுவாக ஒன்றைக் கவனிக்கிறேன். எல்லாம் விதையைக் கொடுக்க வந்தவை. உன்னிடம் என்ன விதை இருக்கிறது என்று கேட்க வந்ததாக ஒன்றையும் எனக்கு நினைவில்லை.

அன்றைய வீடுகளில் விதை எப்படி இருந்தது என்று சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை. பீர்க்கில் நல்ல காயாக ஒன்றை விதைக்காய் என்று விட்டு, யாரும் பறித்துவிடாமல் அதில் ஒரு வைக்கோலைக் கட்டி வைப்பார்கள். அது கொடியிலேயே நார்க்கூடாகக் காயும். சுரை, பூசணி விதையைச் சாணியில் பொதிந்து தொழுச் சுவரில் அப்பிவிடுவார்கள். ஆடி வந்தால் பெயர்த்து எடுத்து ஊன்றுவார்கள். அவரை விதை சாம்பலில் புரண்டு சுரைக்குடுக்கைக்குள் தூங்கும். நல்ல கத்தரி அடுத்த வீட்டில் இருந்தால் ஒரு பழம் கேட்டு வாங்குவதில் வெட்கம் கிடையாது. மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்தால் முந்தானை முடிச்சில் விதையும் போகும்.

காலக்கணக்கும் விதையோடு சேர்ந்தது. கொடி அவரையை ஆடியில் ஊன்றினால் கார்த்திகையில் பூத்து மார்கழிப் பனியில் காய்த்துத் தள்ளும். அதையே தையில் ஊன்றினால் கொடி ஓடுமே தவிரக் காய் இருக்காது. பகல் குறுகும்போதுதான் அது பூக்கும் என்று தோட்டக்கலைப் புத்தகங்களில் பிற்பாடு படித்தேன். எந்தப் பருவத்திலும் காய்க்கும் குத்து அவரை இப்போது இருக்கிறது. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு ரகங்களும் காய்க்கின்றன, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் மறுவருஷம் ஒன்று ஒன்று மாதிரி வராது. வைக்கோல் கட்டி விதைக்காய் விடும் பழக்கம் அதோடு நின்றது.

ஆராய்ச்சிக்காரர்கள் நம் பக்கத்து விதையை மதிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நாடெங்கும் பரவிய செடி முருங்கை, பி.கே.எம். 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. அதற்கு மூலவித்து தூத்துக்குடிப் பக்கத்து எப்போதும்வென்றான் ஊர் முருங்கை. யாரோ ஒரு பாட்டி புறவாசலில் நல்ல மரமென்று தடி ஒடித்துக் கொடுத்துக் கொடுத்துத்தான் அந்த முருங்கை அங்கே நிலைத்திருக்க வேண்டும். ரகத்துக்கு எண் கிடைத்தது, பாட்டிக்குப் பெயரில்லை.

இன்று நம் சாலையில் நின்று பார்த்தால் பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் காய்கள் லாரி லாரியாகச் செங்கோட்டை வழியே கேரளாவுக்குப் போகின்றன. ஓணத்துக்கு முந்தின வாரம் நமக்கே கத்தரி விலை எட்டாது. 2015 வாக்கில் நம் காய்களில் மருந்து மிச்சம் இருப்பதாக மலையாளிகள் சத்தம் போட்டார்கள். அங்கே வீட்டுக்கு வீடு மாடியில் காய் போடும் வேகம் அதற்குப் பிறகுதான் கூடியது. அவர்கள் வேண்டாம் என்று பயந்த காயை நாம் தினமும் சாம்பாரில் போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் தெருக் கடைசியில் இருக்கும் ஆச்சி ஒருவரிடம் பழைய அவரை இருப்பது தெரிந்தது. பட்டையான, ஓரம் ஊதா ஓடிய காய். சிறுவயதில் எல்லா வேலியிலும் இருந்தது, பிறகு நான் கண்ணில் பார்க்காதது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது தன் அம்மா கொடுத்ததாம். எண்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் சென்னையில். “நீங்க கேக்கலன்னா இந்த வருசத்தோட கொழம்புல போட்டு முடிச்சிருப்பேன்யா” என்றார். ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் பதினோரு விதை தந்தார். ஒன்பது முளைத்தது. சோப்புத் தண்ணீர் படாமல் அரிசி களைந்த தண்ணீரை மட்டும் தனியாகப் பிடித்து ஊற்றினோம். மார்கழியில் ஆச்சிக்கும் ஒரு கூடை போனது.

இப்போது கையில் இருநூறு விதைக்குக் குறையாமல் இருக்கிறது. சாம்பலில் புரட்டித்தான் வைத்திருக்கிறேன், குடுக்கைக்குப் பதில் ஹார்லிக்ஸ் பாட்டிலில். உள்ளூர்க்காரர்கள் ஆடி பிறப்பதற்குள் வந்தால் வீட்டுக்கு ஐந்து விதை. வரும்போது உங்கள் வீட்டில் பழைய பீர்க்கோ கத்தரியோ மிச்சம் இருந்தால் கொண்டு வாருங்கள். யாரிடமிருந்து வந்தது என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஆச்சியின் பெயரும் அவர் அம்மா பெயரும் இருக்கிறது.