மலிவுக் கிதாரும் அதன் மதிப்பும்

நமது பங்கின் பாடகர் குழுவிடம் நெடுங்காலமாக ஒரு கிதார் இருந்தது. நல்லவர் ஒருவர் குறைந்த விலைக்கு வாங்கி அன்பளிப்பாகத் தந்தது. கற்க விரும்பிய இளைஞர் பலர் அதனை ஆவலோடு கையில் எடுத்தனர். மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ விரல் நுனிகள் சிவந்து வீங்க, ஓசையின்றித் திரும்ப வைத்துவிட்டுச் சென்றனர். அவர்களுக்கு இசை வாய்க்கவில்லை என்று நாம் முடிவு கட்டினோம். ஓரிருவரிடம் அதனை வாய்விட்டுச் சொல்லவும் செய்தோம். பல ஆண்டுகள் கழித்து, வயலின் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் அக்கருவியைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தை நெடுக நோக்கினார். "இதை எந்தப் பிள்ளையாலும் வாசிக்க முடியாதே, ஐயா" என்றார். தந்திகள் இருக்கவேண்டிய உயரத்தைப் போல் இரு மடங்கு உயரத்தில் நின்றன. அரை மணி நேரம் அரத்தால் தேய்த்துச் சீராக்கித் தந்தார். குறை கருவியில் இருந்தது. பழியைப் பிள்ளைகள் சுமந்தனர்.

மலிவான கிதார் என்பது யாது? அதனை எதைக் கொண்டு மதிப்பது? அன்று நம் உள்ளத்தில் எழுந்த இக்கேள்விகளுக்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு.

16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் இரு கருவிகள் அருகருகே வாழ்ந்தன. ஒன்று விகுவேலா, அரண்மனைகளிலும் கற்றோர் இல்லங்களிலும் நுட்பமாக மீட்டப்பட்டது. மற்றொன்று கிதார், விரல்களால் ஒருசேர வருடி வாசிக்கப்பட்டது. மருத்துவரான ஹுவான் கார்லோஸ் அமாத், 1596-இல் இக்கருவிக்கென ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஆசிரியர் இன்றித் தாமே கற்க முயல்வோருக்கும் பயன்படும் வகையில், கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளை அந்நூல் விளக்கியது. அடுத்த நூற்றாண்டிலும் அதற்கடுத்த நூற்றாண்டிலும் அது மீண்டும் மீண்டும் அச்சேறியது. எளியவர் கற்கும் கருவி என்ற பெயர் கிதாருக்கு அப்போதே வந்துவிட்டது.

பெயரோடு பழியும் வந்தது. குவெங்கா மறைமாவட்டப் பேராலயத்தின் குருவான செபஸ்தியான் தெ கொவாருபியாஸ், 1611-இல் வெளியிட்ட தமது புகழ்பெற்ற ஸ்பானிய அகராதியில், விகுவேலா மறைந்து வருவதை எண்ணி வருந்துகிறார். கிதாரோ மாட்டின் கழுத்து மணிக்கு மேலானதன்று என்பதும், குதிரைலாயத்து வேலையாள்கூட அதனை வாசித்துவிடுகிறான் என்பதும் அவருடைய குறை. அக்குறையிலேயே ஒரு சான்று அடங்கியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். லாயத்து வேலையாளுக்கும் இசை கிட்டியது என்பதே அச்சான்று. அறிஞர் இழிவாகக் கண்டதை வரலாறு பேறாகக் கண்டது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அருகேயுள்ள ஓபர்ன்டார்ஃப் என்னும் ஆற்றங்கரை ஊரில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். 1818 டிசம்பர் 24 அன்று, புனித நிக்கோலாஸ் ஆலயத்தின் உதவிக் குரு ஜோசப் மோர், தாம் முன்பே எழுதி வைத்திருந்த கவிதையைப் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்தார். இரு தனிக்குரல்களுக்கும் பாடகர் குழுவுக்கும் கிதார் துணையோடு மெட்டமைத்துத் தருமாறு வேண்டினார். அன்றிரவே இருவரும் பாட, மோர் கிதார் வாசித்தார். ஆர்கனின் துருத்தியை எலி கடித்ததால்தான் கிதார் வந்தது என்ற கதை பிற்காலத்தது. 1854-இல் குரூபர் தம் கைப்பட எழுதிய குறிப்பில் எலி இல்லை. ஏழைத் தாயின் மகனாகப் பிறந்து, ஏழையாகவே 1848-இல் இறந்தவர் மோர். கையில் இருந்த வீட்டுக் கருவியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இன்று அக்கிதார் ஹாலைன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

அப்படியானால் கிதாரின் குரல் எதிலிருந்து பிறக்கிறது? விலையுயர்ந்த மரத்திலிருந்தா? இக்கேள்விக்கு விடை கண்டவர் ஸ்பெயினின் அல்மெரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரஸ். தச்சுத் தொழிலிலிருந்து கருவி செய்யும் கலைக்கு வந்தவர். இன்றைய கிளாசிக்கல் கிதாரின் வடிவை நிலைநாட்டியவர். அவர் 1862-இல் ஒரு விந்தையான கிதாரைச் செய்தார். மேற்பலகை நல்ல மரம். முதுகும் பக்கங்களும் வெறும் காகித அட்டை! ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது மேற்பலகையே என்று காட்டுவதற்காகச் செய்த சோதனை அது. பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் அக்கருவி இன்றும் காக்கப்படுகிறது. பளபளப்பையும் அரிய மரத்தின் பெயரையும் கண்டு மயங்குவோர் அனைவரும் நினைவில் கொள்ளத்தக்க பாடம் இது.

கிதாரை உண்மையிலேயே ஏழைகளின் கைக்குக் கொண்டு சேர்த்தவை அமெரிக்கத் தொழிற்சாலைகள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய வில்ஹெல்ம் ஷுல்ட்ஸ், 1892-இல் சிகாகோவில் ஹார்மனி நிறுவனத்தைத் தொடங்கினார். அஞ்சல் வழி வணிகத்தில் பெயர்பெற்ற சியர்ஸ் நிறுவனம் 1916-இல் அதனை வாங்கியது. இசைக்கருவிக் கடையையே கண்டிராத சிற்றூர்க் குடும்பங்கள், தடித்த விலைப்பட்டியலைப் புரட்டிச் சில டாலர்களுக்குக் கிதார் வரவழைத்தன. மலிவான பிர்ச் மரத்தின்மீது உயர்ந்த மரத்தின் ரேகைகளை வண்ணத்தால் தீட்டி விற்றதும் உண்டு. ஜெர்சி சிட்டியில் ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனம் செய்த ஸ்டெல்லா கிதார்களும் இவ்வகையினவே. அத்தகைய பன்னிரு தந்தி ஸ்டெல்லாவைக் கொண்டுதான் லெட் பெல்லி என்னும் கறுப்பினப் பாடகர் தம் மக்களின் பாடல்களை உலகறியச் செய்தார். மலிவின் தோற்றம் பொய்யாக இருக்கலாம். அதிலிருந்து எழுந்த பாடல் பொய்யன்று.

1957 ஜூலை 6 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரை அடுத்த உல்டனில், ஆங்கிலிக்கன் சபையின் புனித பேதுரு ஆலயத் திருவிழாவில் சிறுவர் குழு ஒன்று பாடியது. அதன் தலைவனான பதினாறு வயது ஜான் லெனனின் கையிலிருந்தது தென்னாப்பிரிக்காவில் செய்த காலோட்டோன் சேம்பியன் என்னும் மலிவுக் கிதார். பிளவுபடாது என்ற உறுதிமொழி அதன் உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. தாய் கற்றுக்கொடுத்த பாஞ்சோ முறைக் கார்டுகளையே அவன் வாசித்தான். அன்றுதான் பால் மெக்கார்ட்னியை முதன்முதலாகச் சந்தித்தான். 1999-இல் அக்கிதார் ஏலத்தில் ஒன்றரை இலட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. விலை வேறு, மதிப்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

திருச்சபையிலும் கதவு திறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டு, குழல் ஆர்கனுக்கு உரிய சிறப்பைப் போற்றியது. தூய பணிக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் இடமளித்தது. அதன்பின் பல நாடுகளின் ஆலயங்களில் ஒலிக்கத் தொடங்கிய கிதார், நம் பங்குகளின் பாடகர் மாடங்களுக்கும் வந்து சேர்ந்தது. நன்கொடையாக வந்தவற்றுள் பல, தொடக்க நிலைக்குரிய மலிவுக் கருவிகளே.

இவ்வரலாறு மலிவுக் கருவி எல்லாம் நல்லது என்று கூறவில்லை. தொழிற்சாலையில் விலை குறைவதற்கு மரம் மட்டும் காரணமன்று. இறுதியில் ஒரு மனிதக் கை செலவிட வேண்டிய நேரமும் குறைக்கப்படுகிறது. மெட்டுகளைச் சமன் செய்வதற்கும், தந்தி அமரும் பள்ளங்களை அளவாக அராவுவதற்கும் அந்நேரம் தேவை. மெட்டுகள் சமமாக இல்லாவிடில் தந்தி உரசி இரையும். அதனை மறைக்க எளிய வழி தந்தியை உயர்த்திவிடுவது. அந்தச் சிக்கனத்தின் விலையைக் கற்பவரின் விரல்கள் செலுத்துகின்றன.

ஆகவே வாங்கும்போது நாம் நோக்கவேண்டியவை சில. தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் கழுத்தை நெடுக நோக்கி, அது முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று காண வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின்மேல் எஃகுத் தந்தி இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது நலம். நைலான் தந்தி சற்றுக் கூடுதலாக நிற்கலாம். திறந்த தந்தியின் ஒலியும், அதனையே பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒரே சுரத்தின் கீழும் மேலுமாக ஒத்திசைய வேண்டும். ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, இரைச்சல் உண்டா என்று கேட்க வேண்டும். சுருதி கூட்டிய பின் பிருடைகள் நழுவக் கூடாது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கின்றன என்பதை எண்ணினால், குதிரைக்குப் பின்னே மேற்பலகை புடைத்திருக்கிறதா என்று பார்ப்பதன் காரணம் விளங்கும். மேற்பலகை முழு மரமா ஒட்டுப்பலகையா என்பது இவற்றுக்கெல்லாம் பிந்திய கேள்வி. முழு மரம் குரலில் சிறந்தது. ஒட்டுப்பலகையோ வெப்பத்தையும் ஈரத்தையும் பெரிதும் தாங்கும்.

தந்தியின் உயரத்தைக் குறைப்பது சிறு செலவு. கழுத்து முறுக்கியிருந்தாலோ, மெட்டுகள் இடம் தவறிப் பதிக்கப்பட்டிருந்தாலோ, அது எத்தனை மலிவாயினும் வேண்டாம் என்பதே அறிவுடைமை.

சீராக்கப்பட்ட அக்கிதார் இன்றும் நமது பாடகர் குழுவில் பயன்படுகிறது. விலையில் அது முன்போலவே மலிவானதுதான். முன்பு அதனைத் திரும்ப வைத்துவிட்டுச் சென்றவர்களுள் இருவர் இப்போது பிள்ளைகளைப் பெற்ற தந்தையர். அவர்களை நாம் சந்தித்து உண்மையைக் கூறினோம். ஒருவர் சிரித்தார், மற்றவர் தம் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டு சற்றுநேரம் பேசாதிருந்தார். புதிதாக ஒருவர் கற்க வந்தால், இப்போது அவருடைய திறமையைச் சோதிக்குமுன் கருவியைச் சோதிக்கிறோம்.