இடுப்புவலியும் முடக்கமும்

நாள்பட்ட இடுப்புவலி ஒருவரை ஏன் முடக்குகிறது என்ற கேள்வியைப் பெரிதாக்கியவை இங்கிலாந்தின் ரயில் விபத்துகள். விபத்தில் குலுங்கியவர்களின் தண்டுவடம் பாதிக்கப்படுவதே நீங்காத வலிக்கும் தளர்ச்சிக்கும் காரணம் என்று 1866இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் வாதிட்டார். 'ரயில்வே முதுகெலும்பு' என்ற பெயர் பரவியது. இழப்பீட்டு வழக்குகளில் அது ஆயுதமாயிற்று. 1883இல் ஹெர்பர்ட் பேஜ் அதை மறுத்து, அச்சமும் மன அதிர்ச்சியுமே பெரும்பங்கு வகிப்பதாக எழுதினார். அவர் ரயில் நிறுவனத்தின் மருத்துவர் என்பதால் அந்த வாதத்தில் முதலாளியின் நலனும் கலந்திருந்தது. ஆனாலும் மனத்தின் பங்கு பற்றி அவர் எழுப்பிய கேள்வி பொய்யானதல்ல.

1934இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்புகளுக்கு இடையே பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதை விளக்கியபின், மனம் பின்னுக்குப் போனது. அறுவையும் நீண்ட படுக்கை ஓய்வும் வழக்கமாயின. ஆனால் படத்தில் தெரியும் சிதைவும் நோயாளியின் முடக்கமும் பலரிடம் பொருந்தவில்லை. 1994இல் வெளியான ஆய்வொன்றில், வலியே இல்லாத 98 பேரில் 64 சதவீதத்தினரின் எம்.ஆர்.ஐ. படத்தில் டிஸ்க் குறைபாடு தென்பட்டது.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முக்கியமானவர் கிளாஸ்கோ எலும்பியல் மருத்துவர் கோர்டன் வாடெல். உடற்கோளாறோடு மன உளைச்சல், நோயாளியின் நம்பிக்கைகள், சமூகச் சூழல் ஆகியவையும் முடக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று 1987இல் அவர் எழுதினார். முடக்கத்தோடு தொடர்புடைய, அசைந்தால் வலிக்கும் என்று பயந்து வேலையைத் தவிர்க்கும் மனப்போக்கை அளக்க, 1993இல் அவருடைய குழு வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 1995இல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த சோதனையில், புதிதாக வலி வந்தவர்களில் படுத்திருந்தவர்களைவிட, வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர்.