தடிப்பும் மெலிவும்

வங்கக் கடலைக் கடந்து பத்துபஸ்தியில் குடியேறிய தமிழர் இல்லங்களில் பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றேனும் பேணி வைக்கப்பட்டிருக்கும். அதன் தலைப்பெழுத்தை உற்று நோக்குங்கள். கோடு ஓரிடத்தில் தடித்து, அடுத்த வளைவில் மயிரிழையாய் மெலிந்து செல்லும். ஏட்டுச்சுவடியில் இவ்வழகு இல்லை. எழுத்தாணி கீறும் கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே பருமனுடையது. ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடாது விட்டனர். தடிப்பும் மெலிவும் உலோகத்தில் எழுத்து வெட்டியோர் தந்தவை.

ஐரோப்பாவில் இக்கலையின் எல்லையைத் தொட்டவர்கள் பார்மா நகரத்துப் போடோனியும் (1740–1813), பாரிசு நகரத்து டிடோ குடும்பத்தாரும் ஆவர். நிமிர்ந்த கோடுகள் பருத்தன. எழுத்தின் அடியிலுள்ள சிறு பாதங்களோ நூலிழையாயின. வழவழப்பான தாளும் செப்பமான அச்சுப்பொறியும் இன்றி இது கைகூடியிராது. 'வோக்' இதழின் முகப்பெழுத்து அவ்வழி வந்ததே.

தமிழெழுத்துக்கு அத்தகைய பாதம் இல்லை. சுழியும் வளைவுமே உண்டு. ஆகவே நம் மொழியில் இப்பணி கடினமாயிற்று. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 1713இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்து தாளை விழுங்கின. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர் என்பர். பசிக்கு வந்த பண்டம் அறிவுக்கும் உதவியது போலும்!

சிறுமையையும் எழிலையும் ஒருங்கே தந்தவர், சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட். சிற்றெழுத்தில் 'ண', 'இ' ஆகியவற்றின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். கோட்டை மெலியச் செய்தாலன்றி உள்வெளி தெளியாது. ஆகவே நம்மவர்க்கு மெலிவு வெறும் அணியன்று, தேவையுமாகும். 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் அவ்வச்சகத்திலேயே ஒரே நூலாக வெளிவந்தது. எழுத்துச் சிறுக்காவிடில் அஃது எத்தனை தொகுதிகளாகப் பெருத்திருக்குமோ! 1866இல் அச்சகம் கைமாறிய பின் ஹண்ட் பீக்கிங் சென்று அங்கும் அச்சுப்பணியே புரிந்தார்.

எனினும் இவ்வெழுத்தை எங்கும் பயன்படுத்தலாகாது என்பது என் கருத்து. மட்டமான தாளில் மெல்லிய கோடு உடையும். பொடியெழுத்தில் முதியோர் கண் தடுமாறும். தலைப்பு, அழைப்பிதழ், நல்ல தாளில் அச்சிடும் கவிதை ஆகியவற்றுக்கே இது பொருந்தும். கணினிக்கென அமைந்த 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்தும் இத்தடிப்பு மெலிவு மரபினதே.

பழைய நூல்களைப் பிள்ளைகள் கையில் கொடுப்போர் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் 'ணை', 'லை', 'னை' முதலியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் அச்சிடப்பட்டன. முதலில் அந்தத் துதிக்கையைக் காட்டிக் கொடுங்கள். பிறகு பாட்டனார் வைத்திருந்த நூலைப் பிள்ளைகள் தாமே படித்துவிடுவார்கள்.