சென்சேஷன்: சொல் வரலாறும் தமிழ் இணைகளும்

சென்சேஷன் என்னும் ஆங்கிலச் சொல், தோலில் படும் குளிரையும் ஊரே பேசும் செய்தியையும் ஒருசேரக் குறிக்கும். 'உணர்தல்' என்னும் பொருளுடைய 'சென்டிரே' என்ற இலத்தீன் வினைச்சொல்லின் வழிவந்த இது, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. அப்போது அதற்கு உடல்சார்ந்த பொருள் மட்டுமே இருந்தது.

மனித அறிவு முழுவதற்கும் புலன்வழி உணர்தல், மனம் தன் செயலைத் தானே நோக்குதல் ஆகிய இரண்டே ஊற்றுகள் என்றார் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் (1690). பிரெஞ்சு அறிஞர் கோந்தியாக் 1754இல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். உயிரற்ற சிலை ஒன்றைக் கற்பனை செய்து, முதலில் அதற்கு மோப்பத்தை மட்டும் கொடுத்தார். பிறகு மற்றப் புலன்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, நினைவும் விருப்பமும் எப்படிப் பிறக்கின்றன என்று காட்ட முயன்றார்.

'மக்களிடையே எழும் கிளர்ச்சி' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்ந்தது. 1860களில் அது இலக்கிய வகை ஒன்றின் பெயராகவே ஆனது. வில்கி காலின்ஸ் எழுதிய 'வெள்ளுடைப் பெண்' நாவல் 1859-60இல் சார்லஸ் டிக்கன்சின் இதழில் தொடராக வந்தது. 1862இல் மேரி எலிசபெத் பிராடனின் 'லேடி ஆட்லியின் இரகசியம்' நூலாக வந்தது. குற்றம், மறைந்த அடையாளம், பைத்தியக்கார விடுதி என்று செல்லும் இக்கதைகளை 'சென்சேஷன் நாவல்கள்' என்றனர். இவை அறிவை விட்டு நரம்புகளிடம் பேசுகின்றன என்று 1863இல் ஹென்றி மேன்சல் கடிந்துகொண்டார். மேன்சல் ஒரு மெய்யியலாளர். சொல்லின் பழைய உடற்பொருள் புதிய பொருளுக்கு அடியில் இன்னும் கிடந்ததை அவருடைய கண்டனமே காட்டிவிடுகிறது.

செருமானிய மொழி இரண்டையும் பிரித்தே வைத்தது. புலன் உணர்தலுக்கு 'எம்ஃபின்டுங்'. 'சென்சட்சியோன்' பெரும்பாலும் பரபரப்புக்கு மட்டும். லைப்சிக் நகரில் ஃபெக்னர், தூண்டலுக்கும் உணர்தலுக்கும் உள்ள அளவுத் தொடர்பை ஆராய்ந்து 1860இல் வெளியிட்ட நூல் முந்தைய சொல்லைப் பற்றியது. கையில் சிறு எடை இருந்தால் சிறிது கூட்டினாலே தெரியும். பெரிய எடையில் அதே கூடுதல் தெரியாது என்பது அவர் தொடக்கமாகக் கொண்ட உண்மைகளுள் ஒன்று.

தமிழில் நிலைமை வேறு. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. அங்கே தொடுபுலனே 'அறிவு' எனப்படுகிறது. உணர்தல் ஒருபுறம், அறிதல் மறுபுறம் என்ற பிரிவு அங்கு இல்லை. மணிமேகலை பௌத்தத்தின் பன்னிரு சார்புகளைத் தமிழாக்கும்போது, புலன் பொருளோடு கூடுவதை 'ஊறு' என்றும், அதனால் விளையும் 'வேதனா' என்பதை 'நுகர்வு' என்றும் குறித்தது. வடசொல்லாகிய வேதனாவில் இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை மூன்றும் அடங்கும். அதே சொல் 'வேதனை' என்று தமிழுக்கு வந்தபின் துன்பம் மட்டுமே எஞ்சியது.

கல்வி உளவியல் பாடநூல்கள் புலனுணர்ச்சி, புலன்காட்சி, மனவெழுச்சி எனப் பிரித்து எழுதுகின்றன. மனவெழுச்சி என்ற சொல் வகுப்பறைக்கு வெளியே அதிகம் செல்லவில்லை. வெளியே 'உணர்ச்சி' என்றால் கோபமும் அழுகையும்தான். செய்தித்தாளின் 'பரபரப்பு' புலனோடு தொடர்பில்லாத, அவசரத்தைக் குறிக்கும் சொல். ஆனால் 'விறுவிறுப்பு' ஆங்கிலச் சொல் சென்ற அதே பாதையில் தானாகவே சென்றிருக்கிறது. காரம் நாக்கில் விறுவிறுக்கும், காயம் விறுவிறுக்கும், துப்பறியும் கதையும் விறுவிறுப்பாக இருக்கும்.

இந்தக் குழப்பம் மருத்துவத்தில் விளையாட்டல்ல. தொழுநோயின் முக்கிய அறிகுறி 'உணர்ச்சியற்ற தேமல்'. வலியோ அரிப்போ இல்லாததால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. தாமதமானால் நரம்புகள் நிலையாகப் பாதிக்கப்படலாம். நீரிழிவு நோயாளிக்குப் பாதத்தில் உணர்வு குறைந்தால், முள் குத்தியதும் தெரியாமல் புண் பெருகும். இதைக் கண்டறிய 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அப்போது "உணர்ச்சி இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "தொட்டா தெரியுதா?" என்ற கேள்விக்கே சரியான விடை வருகிறது.